கப்பல் வந்தாலும் உனக்கு வெங்காயம் கிடையாது

மகனே மாலுமி,

நீ இதைப் படிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ பூனை. இருந்தாலும் உன் பெயருக்குத்தான் எழுதுகிறேன். நம் ஹேடோ குவார்ட்டர்ஸ் லைனில் இருக்கிற எட்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் நான் நேராக எழுதினால், பதினாறு வயதுப் பெண் நமக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாள் என்பார்கள். ஒரு தாய் தன் பிள்ளைக்கு எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் இதைப் பொதுக் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்போகிறேன். குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை, படிப்பார்கள். தமிழ் தெரியாதவர்களுக்காகக் கடைசியில் ஹிந்தியிலும் ஓரிரு வார்த்தை எழுதுகிறேன்.

நாளை மறுநாள் இந்தத் தீவிலிருந்து நான் கப்பல் ஏறுகிறேன். மெட்ராஸில் சித்தி வீட்டில் தங்கி மேலே படிக்கப்போகிறேன். உன்னைக் கூட்டிப்போக முடியாது. அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். "பங்க் கிளாஸ்ல மனுசனுக்கே எடம் இல்ல. பூனைக்கு எங்க போக?" என்றார். மாலுமி என்று உனக்குப் பெயர் வைத்த நான்தான் உன்னைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எனக்குப் பொறுக்காத விஷயம் வேறு. என்னைக் கொண்டுபோகிற அதே கப்பல் நேற்றுக் காலை துறையில் வெங்காய மூட்டைகளை இறக்கிவிட்டிருக்கிறது. இன்று லைன் முழுவதும் வெங்காயம் வதங்குகிற வாசனை. நான் இருக்கும்போதே உன்னைக் காப்பாற்றுவது பெரும்பாடு. நான் போன பிறகு நீ உயிரோடு இருப்பாயா என்பது எட்டு வீட்டுக் கரண்டிகளின் கையில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உன் பிறப்பைச் சொல்கிறேன், உனக்கு நன்றி என்பது கொஞ்சமாவது வரட்டும். அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை நோட்டில் குறித்துக்கொள்வது அவர் வேலை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், காலிச் சாக்குக் குவியலுக்குள்ளிருந்து உன்னை எடுத்துத் தன் சாப்பாட்டுக் கேரியரின் மேல் தட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். உன் கண் அப்போது திறக்கவில்லை. என் பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரைக் கழுவி, அதில்தான் உனக்குப் பால் கொடுத்தேன். நன்றாகத்தான் கழுவினேன், ஆனாலும் இரண்டு நாள் உன் நாக்கு நீலமாக இருந்தது. மாட்டுப் பால் உனக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றால் போனது. நான் அது தெரியாமல், குழந்தை இளைத்துவிட்டது என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். யோசித்துப் பார்த்தால், நான் செய்த எல்லாத் தப்புக்கும் அதுதான் ஆரம்பம். உனக்கு உடம்பு சரியில்லை என்றால் உடனே எதையாவது ஊட்டிவிட வேண்டும் எனக்கு.

இப்போது நீ வளர்ந்த ஆள். பூனைக்கு நான்கு வயது என்றால் மனிதருக்கு முப்பது மாதிரி என்று பள்ளி லைப்ரரியில் ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்தக் கணக்கில் நீ என்னைவிட மூத்தவன். ஆனால் உன் நடத்தை அப்படி இல்லை. காலையில் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது வீட்டு மாஷிமாவின் வாசலில் போய் மூன்று நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி கத்துகிறாய். அந்த வங்காளத்து அத்தை உன்னைப் புலு என்று கூப்பிட்டு மீன் துண்டு போடுகிறாள். அங்கிருந்து லைன் முனையில் கடை வைத்திருக்கிற கீழக்கரைக் காக்காவின் வீட்டுக்குப் போகிறாய். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அவர் உன்னைச் சேட்டு என்கிறார், நீ மாவு மூட்டைமேல் உட்காருகிற தோரணையைப் பார்த்து. மூன்று வீட்டில் மூன்று பெயர், மூன்று சாப்பாடு. எந்த வீட்டிலும் நீ மற்ற வீட்டைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

கப்பல் இல்லாத நாட்களில் இதனால் பெரிய கேடு ஒன்றும் வரவில்லை. மழைக்காலத்தில் கப்பல் தள்ளிப்போனால் லைனில் எல்லோருக்கும் ஒரே சமையல்தான், பப்பாளிக்காய், வாழைக்காய், பருப்பு. வெங்காயம் கண்ணில் படாது. அம்மா தாளிக்கிறபோது கடுகு வெடிக்கும், அதற்குப் பிறகு வர வேண்டிய சத்தம் வராது. கப்பல் வந்த அன்று அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பல்லாரியும் வந்திருக்கு, சின்னதும் வந்திருக்கு" என்பார். அப்போது அம்மா முகத்தில் வருகிற சிரிப்பு, நான் வகுப்பில் முதலாவதாக வந்தபோதுகூட வரவில்லை. அன்றிலிருந்து நாலைந்து நாள் லைனுக்கே பண்டிகை. அம்மா சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டுச் சாம்பார் வைப்பாள். மாஷிமா வெங்காயத்தை அரைத்து மீன் குழம்பு வைப்பாள். காக்கா வீட்டில் கறியாணம் என்கிற கறிக்குழம்பு கொதிக்கும். எட்டு வீட்டிலும் மனசு நிறைந்திருக்கும். மனசு நிறைந்தால் உனக்கும் ஒரு பங்கு வைப்பார்கள். கிடைக்காமல் கிடைத்த பொருள், அதில் வாயில்லாச் சீவனுக்கும் ஒரு வாய். யாரையும் நான் கல்நெஞ்சு என்று சொல்லவில்லை, மகனே. பிரச்சினையே அவர்கள் நல்லவர்களாக இருப்பதுதான்.

போன வருடம்தான் நான் கவனித்தேன். நம் வீட்டுக் காலண்டரில் கப்பல் வருகிற நாளை அப்பா சிவப்பு மையால் வட்டம் போடுவார். நீ சோர்ந்து படுத்த நாளை நான் பென்சிலால் புள்ளி வைத்தேன், ஒரு பழக்கத்துக்காக. மூன்று புள்ளி ஆன பிறகு பார்த்தேன். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு வட்டத்துக்கு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ விழுந்திருந்தது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, ஏதோ பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட மாதிரி. கப்பல் வந்தால் எலி வரும், எலி வந்தால் குடோனில் மருந்து வைப்பார்கள், மருந்து தின்ற எலியை நீ தின்கிறாய் என்று முடிவு கட்டினேன். நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டேன். அடுத்த கப்பல் வந்தபோது, நீ துறைப் பக்கமே போகக்கூடாது என்று ஐந்து நாள் உன்னை வீட்டுக்குள் அடைத்துவைத்தேன். நீ கதவைப் பிறாண்டினாய். பாவமாக இருந்ததால் வேளாவேளைக்கு என் தட்டிலிருந்து சாம்பார் சாதம் பிசைந்து, மேலே ஒரு துண்டு வறுத்த மீனும் வைத்துக் கொடுத்தேன். விஷத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, உன்னை விஷத்தோடு சேர்த்துப் பூட்டிவைத்தேன்.

நான்காம் நாள் நீ எழுந்திருக்கவில்லை. நீ படுத்திருந்த சாக்கு, கறுத்த தேயிலைத் தண்ணீர் கொட்டியது மாதிரி நனைந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன், ஈறு வெளுத்துப்போயிருந்தது. இதற்குப் பிறகு நான் செய்ததைச் சுவரில் ஒட்டுவது எனக்கு வெட்கம்தான், ஆனாலும் ஒட்டுகிறேன். நம் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து எழுந்தால் அம்மா ஒரு சூப் வைப்பாள். சின்ன வெங்காயமும் பூண்டும் நெய்யில் வதக்கி, மிளகு தட்டிப் போட்டு, ஆட்டெலும்போடு கொதிக்கவிட்டு வடிகட்டுவாள். அதைக் குடித்துத்தான் நான் அம்மை போட்டு எழுந்த பிறகு நடந்தேன். அதனால் அம்மா அடுத்த கப்பல்வரை ஆகட்டும் என்று ஓலைப்பெட்டியில் ஒளித்துவைத்திருந்த சின்ன வெங்காயத்தில் ஒரு கைப்பிடி திருடினேன். நானே சூப் வைத்தேன். அதே மை ஃபில்லரைத் தேடி எடுத்து, இரண்டு நாள், வேளைக்கு ஆறு ஃபில்லர் உன் வாயில் ஊற்றினேன். நீ துப்பினாய். நான் உன் தாடையைப் பிடித்து விழுங்கவைத்தேன். "ஒன் நல்லதுக்குத்தான்" என்றும் சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது யார் என்னிடம் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

இரண்டாம் நாள் முடிவில் உன் மூச்சு எனக்கே கேட்டது. கால்நடை டாக்டர் அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் மாடுகளுக்கு ஊசி போட வந்திருக்கிறார் என்று அப்பா சொன்னார். காலையில் உன்னை மீன் கூடையில் வைத்து, மேலே என் பள்ளித் தாவணியைக் கட்டி, சாத்தாம் படகுத்துறையிலிருந்து ஃபெர்ரி ஏறினேன். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், "கூடையில என்ன மீன்?" என்று ஹிந்தியில் கேட்டார். பில்லி என்றேன், பூனை என்று. ஃபெர்ரி முழுவதும் சிரித்தது. அங்கே மாடுகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். டாக்டர் தெலுங்குக்காரர், மெயின்லேண்டில் பல ஊரில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், தமிழ் ஒரு மாதிரி பேசுவார். உன் ஈறைப் பார்த்தார். "என்ன சாப்பிட்டது?" என்றார்.

நான் நோட்டைத் திறந்தேன். நாள் வாரியாக எல்லாம் எழுதியிருந்தேன். பெருமையாகவே படித்தேன், மகனே, வகுப்பில் எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி. சாம்பார் சாதம், சின்ன வெங்காயத்தோடு. வறுத்த மீன். சூப், சின்ன வெங்காயம் பன்னிரண்டு, பூண்டு எட்டுப் பல். டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"அந்த சூப் மறுபடி படி."

படித்தேன்.

"நீயா குடுத்தே? நோயாளிக்கு?"

"ஆமாம் டாக்டர். உடம்புக்குத் தெம்பு வரும்னு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், ஊரில் ஒரு வெங்காய மண்டிக்கு வெளியே கொட்டிவைத்திருந்த அழுகல் வெங்காயத்தைத் தின்ற மாடுகளைப் பார்த்திருக்கிறாராம். இரண்டு மூன்று நாள் கழித்து மூத்திரம் கறுத்துச் சிவந்து போகும், ஈறு வெளுக்கும், ரத்தமே உடைந்துபோகும் என்றார். "பூனைக்கு நான் பாக்கலே. ஆனா மாட்டுக்கே அப்படின்னா, இத்தினியூண்டுக்கு என்ன ஆகும்? உன் நோட்டுதான் சொல்லுதே. எலி இல்லேம்மா. வெங்காயம் நிறுத்து, பூண்டு நிறுத்து. உப்பு இல்லாம மீன் வேகவெச்சு, முள் எடுத்துட்டுக் குடு. பொழைச்சா பத்து நாள்ல தெரியும்." நான் இரண்டு கோடு போட்டிருந்த முடிவை, அவர் எதிரிலேயே அடித்தேன். திரும்பும்போது ஃபெர்ரியில் யாரும் சிரிக்கவில்லை. நான் அழுதுகொண்டிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம்.

நீ பிழைத்தாய். பன்னிரண்டாம் நாள் கூடையிலிருந்து இறங்கி, தள்ளாடித் தள்ளாடி, நேராக எங்கே போனாய் என்று நினைவிருக்கிறதா? மாஷிமா வீட்டுக்கு. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, உன்னைத் திருத்துவதைவிட லைனைத் திருத்துவது சுலபம் என்று. அதுவும் சுலபமில்லை. காக்காவிடம் போய்ச் சொன்னேன். "என்னா புள்ள சொல்றா? நம்ம வூட்டு ஆணத்தத் தின்டுதானே சேட்டு இம்புட்டு தடிச்சிருக்கான்" என்று சிரித்தார். பிறகு நான் நோட்டைக் காட்டியதும், மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதும் படித்துவிட்டு, "சரி, இனிமே மசாலாவுல போடுறதுக்கு முந்தி பச்சக் கறியா எடுத்து வெச்சுடுறேன். ஆனா அவன் கோவிச்சுக்குவான் புள்ள" என்றார். நீ கோபித்துக்கொண்டுதான் போனாய். பத்து நாள் அவர் கடைப் பக்கம் போகவில்லை. இப்படி ஒரு பிள்ளை.

மாஷிமாவிடம்தான் நான் தோற்றேன். அவள் கெட்டவள் இல்லை. எல்லையைத் தாண்டி வந்தபோது வழியில் பட்டினி கிடந்தவள், யாரும் பசித்து நிற்பதை அவளால் பார்க்க முடியாது. நான் சொல்லச் சொல்ல, "ஏக் டுக்டா ஸே க்யா ஹோகா, பேட்டி?" என்பாள், ஒரே ஒரு துண்டில் என்ன ஆகிவிடும் என்று. போன கப்பலுக்கு அவள் என் எதிரிலேயே குழம்பிலிருந்து மீனை எடுத்து, ஒட்டியிருந்த வெங்காயத்தை விரலால் வழித்துப் போட்டுவிட்டு, பார் ஒன்றுமில்லை என்று காட்டி உனக்கு வைத்தாள். அரைத்துக் கொதித்த வெங்காயம் குழம்பு முழுவதும் கரைந்திருக்கும், வழித்தால் போகாது என்று எனக்கு ஹிந்தியில் சொல்லத் தெரியவில்லை. கரைந்தது என்பதற்கு வார்த்தை தேடிக்கொண்டு நான் நிற்கும்போதே நீ தின்று முடித்துவிட்டாய். காலண்டரில் நான்காம் நாள் ஒரு புள்ளி விழுந்தது. சின்னப் புள்ளிதான், இரண்டு நாள் சோர்ந்து எழுந்துவிட்டாய். ஆனால் நீ படுத்திருந்த அந்த இரண்டு நாளும் மாஷிமா நம் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரிவது வேறு, கை நிற்பது வேறு.

அந்தக் கை விஷயத்தில் நான் மிகவும் பயந்தது அம்மாவைத்தான். நான் போன பிறகு உன் தட்டு அவள் பொறுப்பு. டாக்டர் சொன்னதை எத்தனை முறை சொன்னாலும், "ஆமாட்டி, சரிட்டி" என்பாள். மறுநிமிஷம் நீ காலைச் சுற்றினால், பேசிக்கொண்டே, பார்க்காமலேயே, சட்டியிலிருந்து ஒரு கரண்டி உன் தட்டில் விழும். பல தடவை நான் ஓடிப்போய்த் தட்டைப் பறித்திருக்கிறேன். நேற்றுக் காலையில் கப்பல் வந்ததும் நான் சண்டையே போட்டேன். "நா இருக்கும்போதே இப்படின்னா, போன பொறவு நீ கொன்னே போடுவே" என்றேன். நான் சொன்னது அதிகம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது, ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியில் புத்தகம் அடுக்கப் போய்விட்டேன்.

இன்று மத்தியானம் இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது வெங்காய வாசனை தாங்க முடியாமல் அடுக்களைக்குப் போனேன். முறம் நிறையத் தோல். அப்பா வாங்கிவந்த வெங்காயம் முழுவதையும், சின்னது பெரியது எல்லாவற்றையும் அம்மா உரித்து, பெரிய சட்டியில் புளியும் மிளகாயும் போட்டுத் தொக்குக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஓலைப்பெட்டி கவிழ்த்துவைத்திருந்தது. நீ அவள் காலடியில் வாலைத் தூக்கிக்கொண்டு நின்றாய், வழக்கம் போல.

"என்னம்மா இது, இவ்வளவும்?"

"ஒனக்குத்தான். கப்பல்ல போடுத சோறு ஒனக்கு எறங்காது."

"எல்லாத்தையுமா? வீட்டுக்கு வேண்டாமா?"

"வீட்ல கெடந்தா போட்டுருவேன்" என்றாள் அம்மா, சட்டியைப் பார்த்துக்கொண்டே. "என் கைய எனக்குத் தெரியும்ட்டி. இவன் வந்து கால ஒரசுனா, நீ சொன்னத நா எங்க நெனைக்கப் போறேன்? இல்லாட்டா எப்படிப் போடுவேன்?"

"அப்பா என்ன செய்வாங்க, அடுத்த கப்பல் வர வரைக்கும்?"

"பருப்பு திம்பாவ."

"மெட்ராஸ்லேருந்து வந்த வெங்காயத்த மெட்ராஸுக்கே தூக்கிட்டுப் போகச் சொல்லுதே."

"ஆமா. அங்கயே போய்ச் சேரட்டும்" என்றாள். பிறகு உன்னைக் காலால் மெதுவாக ஒதுக்கி, "போலே அங்கிட்டு. ஒன் அம்மகிட்ட கேளு" என்றாள்.

நான்கு வருடத்தில் அவள் என்னை உன் அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வெளியே வந்து இந்தக் கடிதத்தை மறுபடி எடுத்தேன். நேற்றுச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை எழுதி முடித்ததும் கேட்கிறேன்.

ஆக நம் வீட்டில் அடுத்த சிவப்பு வட்டம்வரை உனக்கு ஆபத்து இல்லை. மீதி ஏழு வீடு இருக்கிறது. அங்கே தொக்குக் கிண்ட யாரும் ஊருக்குப் போகவில்லை. அதனால் இந்தச் சுவருக்கு முன்னால் குடத்தோடு நிற்கிறவர்களை உன் சார்பில் நானே கேட்டுக்கொள்கிறேன். என் மகன் உங்கள் வாசலில் வந்து நடிப்பான். பட்டினி கிடந்தவன் மாதிரி கத்துவான். நம்பாதீர்கள். மனம் கேட்கவில்லை என்றால், குழம்பு கூட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டு மீனை வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளை எடுத்துவிட்டு வையுங்கள். முறைத்துப் பார்ப்பான். பார்க்கட்டும்.

மாலுமி, நான்கு பெரிய பாட்டிலில் தொக்கு ஆறிக்கொண்டிருக்கிறது. கப்பல் ஆடினால் எனக்குத் தண்ணீரே தங்காது, அது அம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் கப்பலில் இருக்கிற நான்கு நாளும் சாப்பிடுவேன். உன் பங்கையும் சேர்த்து நானே சாப்பிட்டுத் தீர்க்கிறேன். நீ மீனை மட்டும் சாப்பிட்டு உயிரோடு இரு.

நீ இருக்கிறவரை தீராத எரிச்சலுடன்,
உன் அம்மா

ஹிந்தியில், பூனைக்கு வெங்காயம் கொடுக்காதீர்கள் என்று: பில்லி கோ பியாஜ் மத் தேனா. மாஷிமா, ஏக் டுக்டா பீ நஹீன்.